ஒரே கதைக்கு ஏன் இத்தனை அட்டை? காமிக்ஸ் டீலக்ஸ் பதிப்பு வாங்கும் முன் இதைப் படிங்க

அலமாரியில் ரெண்டு தடிமனான ஹார்ட்பவுண்ட் காமிக்ஸ். அதே கதை, அதே பக்கங்கள். ஆனா அட்டைப்படம் மட்டும் வேற. ரெண்டுக்கும் முழுக் காசு கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம அடுக்கி வச்சிருப்பாங்க. "பணத்தை என்ன பண்றதுன்னு தெரியலையா?"னு வீட்டுல திட்டு விழுறது நியாயம்தான். ஆனா இவங்களை நம்பித்தான் பதிப்பகங்களே ஒரு புத்தகத்துக்குப் பல அட்டைகள் போடுது.

எப்போ ஆரம்பிச்சது?

1986-ல் டிசி காமிக்ஸ், ஜான் பைர்னின் 'தி மேன் ஆஃப் ஸ்டீல்' முதல் இதழை ரெண்டு அட்டைகளோடு வெளியிட்டது. பத்திரிகைக் கடைகளுக்கு ஒண்ணு, காமிக்ஸ் கடைகளுக்கு ஒண்ணு. அஞ்சு வருஷம் கழிச்சு மார்வெல் இதைப் பெரிய வியாபாரமாவே மாத்திடுச்சு. 1991-ல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழுக்கு ஓவியர் ஜிம் லீ வரைந்த அட்டைகள் மொத்தம் அஞ்சு. முதல் நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே பெரிய படம். அஞ்சாவது, அந்த முழுப் படத்தையும் மடிப்பு அட்டையா கொடுத்தது. சுமார் 81 லட்சம் பிரதிகள் போய், கின்னஸ் சாதனையும் ஆச்சு.

விலை ஏறுச்சா?

இங்கதான் பலர் ஏமாந்தாங்க. 'பின்னாடி லட்சக்கணக்குல போகும்'னு ஒருத்தரே அஞ்சு, பத்துன்னு வாங்கிப் பூட்டி வச்சாங்க. 1992-ல் சூப்பர்மேன் சாகும் 75-வது இதழ், கறுப்பு உறைக்குள்ள துக்கப் பட்டையோடு வந்தப்பவும் கடைகள்ல இதே கூட்டம். ஆனா பழைய காமிக்ஸுக்கு விலை கிடைக்கக் காரணமே, பெரும்பாலானவங்க அதைத் தூக்கிப் போட்டதுதான். எல்லாருமே பத்திரப்படுத்தினா அது எப்படி அரிய பொருள் ஆகும்? சந்தை சரிஞ்சது, ஏராளமான கடைகள் மூடின. 1996 டிசம்பர்ல மார்வெலே திவால் மனு போட்டது. அந்த எக்ஸ்-மென் இதழ் இன்னிக்கும் சல்லிசாவே கிடைக்குது.

நம்ம ஊர் கதை இதுக்கு நேர் எதிர். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கின முத்து காமிக்ஸின் பழைய இதழ்களை அட்டைக்காகவே தேடுறவங்க இருக்காங்க. அதெல்லாம் படிச்சு, கைமாறி, கிழிஞ்சு போனதுல மிச்சம்.

டீலக்ஸ்ல என்ன பார்க்கணும்?

மார்வெல் ஆம்னிபஸ் மாதிரி குண்டுப் புத்தகங்கள் பலதும் ரெண்டு மேலுறைகளோடு வருது. ஒண்ணு எல்லாக் கடைக்கும், இன்னொண்ணு காமிக்ஸ் கடைகளுக்கு மட்டும். பெரும்பாலும் மாறுறது கழற்றி எடுக்கிற அந்தக் காகித மேலுறை மட்டும்தான். அதுக்குத்தான் கூடுதல் விலை கேட்கிறாங்கன்னு தெரிஞ்சு வாங்குங்க. தனி இதழ்களின் பழைய அட்டைகள் பெரும்பாலும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும். அதனால படம்தான் வேணும்னா ஒரு பிரதியே போதும்.

அட்டையைப் பார்த்து உள்ளேயும் அதே ஓவியர்னு நம்பிடாதீங்க. 'கிங்டம் கம்' வாங்கினா உள்ளேயும் வெளியேயும் அலெக்ஸ் ராஸின் வண்ண ஓவியம். ஆனா 'ஆஸ்ட்ரோ சிட்டி'க்கு அட்டை மட்டும்தான் அவருது. உள்ளே வரைஞ்சது பிரென்ட் ஆண்டர்சன். அவரும் நல்லாவே வரைவார், ஆனா நீங்க எதிர்பார்த்தது அது இல்லையே!

பாதுகாக்கிறது எப்படி?

முதல் எதிரி ஜன்னல் வெயில். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதல்ல வெளுக்கும். சில வருஷத்துல முதுகு மட்டும் நீலம் பாய்ஞ்சு நிக்கும். அடுத்தது எடை. ஆயிரம் பக்கப் புத்தகத்தைச் சாய்வா நிறுத்தினா உள்தாள்கள் கீழே தொங்கி, பைண்டிங் விட்டுப்போகும். நெருக்கமா நிமிர்த்தி வைங்க, இல்லைன்னா படுக்க வைங்க. ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல இருந்தா, வெளிச்சுவரை ஒட்டின அலமாரி வேண்டாம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காம வச்சா, உள்ளே பக்கம் மாறியோ விட்டோ பைண்ட் ஆகியிருந்தாலும் தெரியாது. திருப்பி அனுப்புற தேதி முடியறதுக்குள்ள ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடுங்க.