வீட்டில் ஆள் இருக்கும்போதே "கதவு பூட்டியிருந்தது" என்று ஏன் வருகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவர்கள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, இணையத்தில் ஏதேனும் ஒரு பொருளை ஆர்டர் செய்வது. பென் டிரைவ், மவுஸ் பேட், பிரிண்டருக்கு இங்க் என்று சின்னதாகத் தொடங்குவோம். பணம் கட்டும் வரை எல்லாம் சரியாக நடக்கும். பொருளும் நம் ஊர் வரை ஒழுங்காக வந்துவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் சிக்கல் தொடங்கும். "டெலிவரிக்கு வந்தோம், கதவு பூட்டியிருந்தது" என்று ஒரு எஸ்.எம்.எஸ். வரும். நாமோ காலையிலிருந்து வீட்டில்தான் உட்கார்ந்திருப்போம்.

எனக்கு இது நடந்தபோது பார்சலில் இருந்தது பென் டிரைவ் அல்ல. அப்பாவின் காது கேட்கும் கருவி. பழுது பார்க்க பெங்களூருக்கு அனுப்பியிருந்தோம். சரி செய்து கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். செவ்வாய்க்கிழமை பார்சல் சென்னை வந்துவிட்டதாகத் தகவல். போதுமான நாட்கள் இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்தேன்.

நாங்கள் இருப்பது பெருங்குடியில், மூன்று பிளாக்குகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில். செவ்வாய் 11.42 மணிக்கு "கதவு பூட்டியிருந்தது" என்று செய்தி. புதன்கிழமையும் அதே செய்தி. வியாழனும் அதே. "நான் ஹாலை விட்டு எழுந்திருக்கவே இல்லைடா, மணி அடிச்சா எனக்குக் கேட்காதா?" என்று அம்மா என்னிடம் கோபித்துக் கொண்டார். அன்று மாலை ஆபீசிலிருந்து நேராகக் கூரியர் நிறுவனத்தின் கொடவுனுக்குப் போனேன். மூன்று முயற்சிகள் முடிந்ததால் பார்சலைத் திரும்ப அனுப்பும் பையில் போட்டு, பைக்கு சீலும் வைத்துவிட்டார்கள். "சிஸ்டத்துல ஏத்தியாச்சு சார், இனிமே பிரிக்க முடியாது" என்றார் சூப்பர்வைசர்.

அங்கேதான் எங்கள் பகுதிக்கு வரும் இளைஞரைப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் பேச ஆரம்பித்தேன். அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். டெலிவரி செய்ய முடியாத ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு காரணத்தைத் தேர்வு செய்தால்தான் அவருடைய ஆப் அடுத்த பார்சலுக்குப் போக விடும். காரணங்கள் ஒரு டிராப் டவுண் மெனுவில் இருந்தன: கதவு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, முகவரி தவறு, வாங்க மறுத்தார், வேறு தேதி கேட்டார். அவ்வளவுதான். உண்மையில் நடந்தது என்னவென்றால், லேபிளில் எங்கள் பிளாக் எது என்றே இல்லை. வாசலில் இருந்த காவலாளி, "எந்த பிளாக் 304? மூணு 304 இருக்கு" என்று கேட்டு உள்ளே விடவில்லை. என்னைப் போனில் அழைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. "கேட்டுல விடலைன்னு போட இதுல இடமே இல்ல சார். இதுதான் கிட்டத்தட்ட வருது" என்றார்.

நானும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். இப்படிப்பட்ட மெனுக்களை நானே எத்தனையோ முறை அமைத்திருக்கிறேன். ஐந்து காரணங்களை யோசித்து எழுதிவிட்டு, ஆறாவது நடக்காது என்று நம்பிவிடுவோம். எனவே டிராக்கிங் பக்கத்தில் நீங்கள் படிக்கும் வாசகம், நடந்ததை யாரோ எழுதிய குறிப்பு என்று நினைக்க வேண்டாம். நடந்ததற்குப் பக்கத்தில் வரும் ஒரு மெனு ஐட்டமாக அது இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு கோபப்படுவதைவிட, லேபிளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பது அதிகம் உதவும். நம் கையில் இருப்பதும் அதுதான்.

எங்கள் பிளாக் எண் எங்கே போனது? முகவரியை டைப் செய்தவன் நானே. அபார்ட்மெண்டின் நீளமான பெயர், அதன் பின் தெரு, அதன் பின் "சி பிளாக், 304" என்று முழுவதையும் முதல் கட்டத்திலேயே அடித்திருந்தேன். முகவரிப் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திற்கும் இத்தனை எழுத்துக்கள் என்று டேட்டாபேஸில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். இணையதளத்தின் படிவம் நீளமாக எழுத அனுமதித்தாலும், லேபிள் அச்சிடும் புரோகிராம் வேறொன்றாக இருந்து, அதன் அளவு குறைவாக இருந்தால் மிச்சத்தை அது வெட்டிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. என் பார்சலில் "சி பிளாக்" வெட்டுப்பட்டு, நான் அவசரத்தில் இரண்டாவது கட்டத்தில் மறுபடியும் அடித்திருந்த 304 மட்டும் தப்பிப் பிழைத்தது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதல் கட்டத்தில் முதலில் வர வேண்டியது பிளாக், மாடி, வீட்டு எண். அதன் பின்னரே அபார்ட்மெண்ட் பெயர். தெருவும் நகரும் இரண்டாவது கட்டத்தில். "பிள்ளையார் கோவில் எதிரில்" போன்ற அடையாளத்திற்குத் தனிக் கட்டம் இருந்தால் அதில் மட்டும் எழுதுங்கள். சென்னையில் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புது எண், பழைய எண் என்று வாசலில் இரண்டு எண்கள் இருக்கும். பக்கத்து வீட்டின் பழைய எண் நம் வீட்டின் புது எண்ணாக இருக்கும். இரண்டையும், எது புதியது எது பழையது என்று குறிப்பிட்டு எழுதிவிடுவது நல்லது.

அடுத்து பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இந்த ஆறு இலக்க எண்ணைப் பலர் முகவரியின் வால் என்றே நினைக்கிறார்கள். பார்சலைப் பிரித்து அனுப்பும் இடத்தில் அதுதான் தலை. முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். 600 என்றால் சென்னை. கடைசி மூன்றும் டெலிவரி செய்யும் தபால் அலுவலகம். எங்கள் பெருங்குடி 600096. பக்கத்துத் துரைப்பாக்கம் 600097. ஓர் இலக்கம் மாறினால் பார்சல் வேறு பையில், வேறு ஆளிடம் போய்விட வாய்ப்புண்டு. தெருப் பெயரைக் கண்டு யாரோ ஒருவர் தவறை உணர்ந்து திருப்பிவிடும் வரை அது அங்கேயே சுற்றும். ஒரே ஊரில் நான்கு காந்தி தெருக்கள் இருக்கும் நம் நாட்டில், தெருப் பெயரைக் கொண்டு கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

நீங்கள் சரியாக டைப் செய்தாலும் பிரவுசர் குழப்பக்கூடும். குரோம் பிரவுசரில் முகவரியை ஒரு முறை சேமித்துவிட்டால், அடுத்த முறை முதல் எழுத்தை அடித்தவுடன் மொத்தத்தையும் நிரப்பித் தரும். வீடு மாறிய பிறகும் பழைய வீட்டு முகவரியையே அது அன்போடு எடுத்து நீட்டும். தெரு மட்டும் புதியது, பின்கோடு பழையது என்று கலந்துவிடுவதும் உண்டு. இதனைச் சரி செய்திட, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அங்கு "ஆட்டோஃபில் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்" பிரிவில் முகவரிகளுக்கான வரியைத் தேர்ந்தெடுத்தால் சேமித்த முகவரிகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். பழையவற்றை நீக்கிவிடுங்கள். கடையின் இணையதளத்தில் உங்கள் கணக்கிலும் தனியாக ஒரு முகவரிப் பட்டியல் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஒன்றை நீக்கினால் மற்றது தானாக நீங்காது.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்பவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. "என் தற்போதைய இடத்தைப் பயன்படுத்து" என்ற பட்டனை அழுத்தாதீர்கள். போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது இல்லை. எனவே பிரவுசர், அருகிலுள்ள வை-ஃபை இணைப்புகளையோ, உங்கள் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியையோ கொண்டு இடத்தை ஊகிக்கும். ஐ.பி. முகவரியை மட்டும் நம்பும்போது அந்த ஊகம் பல கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். வரைபடத்தில் குறியை மவுஸால் இழுத்து, உங்கள் குடியிருப்பின் நுழைவாயில் மேல் வையுங்கள். வீட்டின் மேல் அல்ல, நுழைவாயில் மேல். பின்பக்கச் சுவருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு வழி தேடுபவர்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்திய அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டு மே மாதம் டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு தருகிறார்கள். தெருப் பெயரே இல்லாத கிராமத்து வீட்டுக்கும், புதிதாக மனை போட்ட நகருக்கும் இது நல்ல வழி. ஆனால் இது தரையில் போட்ட கட்டம். உயரம் இதற்குத் தெரியாது. தரைத் தளத்திற்கும் அதே இடத்தில் ஏழாவது மாடிக்கும் ஒரே டிஜிபின்தான். எனவே அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிளாக்கையும் மாடியையும் எழுதுவதிலிருந்து தப்ப முடியாது.

இனி போன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் தவறு முழுக்க என்னுடையது. விளம்பர அழைப்புகள் தாங்காமல், காண்டாக்ட்ஸில் இல்லாத எண்களை ஒலிக்காமல் விடும் வசதியை என் போனில் இயக்கி வைத்திருந்தேன். அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, மூன்று நாட்களும் பதினொன்றரை மணியை ஒட்டி அந்த இளைஞரின் எண் இருந்தது. மொத்தம் ஏழு முறை அழைத்திருக்கிறார். பார்சல் வரும் நாளில் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள். அதைவிட நல்லது, பகலில் வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுப்பது. ஓ.டி.பி. கேட்கும் டெலிவரிகளில் இது இன்னும் அவசியம். அந்த எண் ஆபீசில் இருக்கும் உங்கள் போனுக்கு வந்தால், வாசலில் நிற்கும் அம்மா என்ன செய்வார்?

பெரியப்பாவின் விழாவுக்குக் கருவி இல்லாமலேயே போனோம். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக் கொண்டிருந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பழைய கதை ஒன்றை நெடுநேரம் சொன்னார். அதற்கும் அதே தலையாட்டல்தான். என்ன சொன்னார் என்று அப்பா பிறகு என்னைக் கேட்டார். நான் சற்றுத் தள்ளி நின்றதால் எனக்கும் கேட்கவில்லை. முகவரியைத் திருத்தி, அம்மாவின் எண்ணைக் கொடுத்து மீண்டும் அனுப்பச் சொன்னதில், கருவி பத்து நாள் கழித்து முதல் முயற்சியிலேயே வந்து சேர்ந்தது.

அந்தப் பத்து நாட்களுக்குள் இன்னொன்று நடக்கப் பார்த்தது. "உங்கள் பார்சல் கிடங்கிற்கு வந்துள்ளது. முகவரி முழுமையாக இல்லை. 48 மணி நேரத்திற்குள் கீழ்க்கண்ட லிங்க்கில் திருத்தவும்" என்று அஞ்சல் துறையின் பெயரில் அம்மாவுக்கு ஓர் எஸ்.எம்.எஸ். வந்தது. உண்மையாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்ததால் அம்மா நம்பிவிட்டார். லிங்க்கைத் திறந்து, மறு டெலிவரிக்கு 25 ரூபாய் என்று கார்டு எண் கேட்கும் பக்கம் வரை போய்விட்டு, "மூக்குக் கண்ணாடி எங்கே" என்று தேடியதில்தான் தப்பித்தோம். இத்தகைய எஸ்.எம்.எஸ்.கள் போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை அறியும் பிரிவு எச்சரித்திருக்கிறது. அனுப்புபவர்களுக்கு நம் பார்சல் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பினால் அதில் சிலராவது பார்சலுக்குக் காத்திருப்பார்கள் என்ற கணக்குதான்.

ஆகவே எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கில் கிளிக் செய்ய வேண்டாம். ஆர்டர் செய்த இணையதளத்தை நீங்களே பிரவுசரில் டைப் செய்து திறந்து, அங்கிருந்து டிராக்கிங் பக்கத்திற்குச் செல்லுங்கள். கூரியரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, *21* அல்லது *401* என்று தொடங்கும் எண் ஒன்றை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளை வேறொரு போனுக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. வங்கியிலிருந்து குரல் வழி வரும் ஓ.டி.பி.யும் அவர்களுக்குப் போய்விடும். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# என்று அடித்து அழைத்தால் எல்லாத் திருப்பிவிடலும் ரத்தாகும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பொருள் வராமலேயே "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டினால், முதலில் காவலாளியிடமும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் டிராக்கிங் பக்கத்தைத் தேதி, நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, விற்ற இணையதளத்தின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்கவும் வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கும்போது ஆர்டர் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வைத்திருங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.