குத்தகை நிலமும் நாட்டின் செல்வமும்

நிலவளம் மிக்கிருந்தும் மூலதனம் இல்லாத நாடுகள், தம் நிலத்தை அயலார்க்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடுவதுண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா அவற்றுள் ஒன்று. இரப்பர் பயிரிடும்பொருட்டு, அமெரிக்க நாட்டுப் பயர்ஸ்டோன் நிறுவனத்துக்கு, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 6 சென்ட் வாடகையில், 10 இலட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுகளுக்கு அளிக்க அந்நாடு 1926-ஆம் ஆண்டில் உடன்பட்டது.

இதனால் விளைந்த நன்மைகளை மறைத்தல் ஆகாது. காடு தோட்டமாயிற்று, சாலைகளும் மருத்துவமனையும் தோன்றின, பல்லாயிரவர் கூலி பெற்றனர். ஆயினும், இரப்பர் கச்சாப் பொருளாகவே கப்பலேறிற்று. அது டயராக உருப்பெற்றதோ அமெரிக்காவில். கச்சாப் பொருளின் விலை சிறிது. செய்பொருளின் விலை பெரிது. இடைப்பட்ட இலாபம் லைபீரியாவுக்கு எட்டவில்லை.

மாணவர்களே! நிலத்தைக் குத்தகைக்கு விடுதல் தன்னளவிற் குற்றமன்று. விளைபொருளைச் செய்பொருளாக்கும் தொழிலும் அந்நாட்டிலேயே வளருமாறு உடன்படிக்கை அமைதல் வேண்டும். அன்றேல், மண் ஒருவர்க்கும் பயன் மற்றொருவர்க்குமாய் முடியும்.