வாகனம் நுழையாத கடைத்தெரு
ஸ்டீவனேஜ் புதுநகரின் கதை

இலண்டன் கிங்ஸ் குறோஸ் நிலையத்தில் வடக்கே செல்லும் விரைவு ரெயிலில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் ஸ்டீவனேஜ் வந்துவிடும். அங்கு வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் தினமும் இந்த ரெயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறார். ஒரு கோடை காலத்தில் மூன்று வாரம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் வேலைக்குப் போனபின், அவரது கடைக்குட்டி மகனைத் தள்ளுவண்டியில் இருத்தி ஊர் சுற்றுவதே என் பொழுதுபோக்கு.

மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டிலிருந்து நகர மத்திவரை நடந்துபோன நான் ஒரு பெரிய வீதியைக்கூடக் குறுக்கே கடக்கவில்லை. வாகனங்கள் மேலே ஓடின. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான பாதைகள் வீதிக்குக் கீழால் சென்றன. கடைத்தெருவிலோ வாகனமே இல்லை. பிள்ளையை இறக்கி ஓடவிட்டேன். "இது தானாக அமைந்த ஊரில்லை, யாரோ இருந்து யோசித்துக் கட்டிய ஊர்" என்று இரவு அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பழைய ஆக்களைக் கேட்டுப்பார், சண்டை பிடிச்சுத்தான் இந்த ஊர் வந்தது" என்றார்.

சண்டையில் பிறந்த நகரம்

நெரிசல் மிகுந்த மாநகரத்துக்கு வெளியே, வேலையும் வீடும் பசுமையும் ஒருங்கே அமைந்த நகரங்களைக் கட்டவேண்டும் என்று 1898இல் எழுதியவர் எபனேசர் ஹவார்ட். அவரது எண்ணப்படி 1903இல் லெட்ச்வேர்த் நகரமும், 1920இல் வெல்வின் தோட்ட நகரமும் தொடங்கப்பட்டன. இரண்டும் ஸ்டீவனேஜுக்கு அயலில், அதே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ளவை.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இலண்டனின் வீடுகள் பெருமளவில் அழிந்தன. மக்களை மாநகருக்கு வெளியே புதுநகரங்களில் குடியேற்றலாம் என்று 1944இல் வெளியான அபர்குரொம்பி திட்டம் கூறியது. 1946இல் புதுநகரச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி, அச்சட்டத்தின் கீழ் முதலாவது புதுநகராக ஸ்டீவனேஜ் பிரகடனப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த சிற்றூரை 60,000 பேருக்கான நகரமாக்குவதே திட்டம்.

காணியும் வீடும் பறிபோகும் என்று அஞ்சிய ஊர்மக்கள் கொதித்தெழுந்தனர். 1946 மே மாதம் கூட்டத்துக்கு வந்த அமைச்சர் லூயிஸ் சில்கினுடைய காரின் டயர்களில் காற்றைத் திறந்துவிட்டனர். ரெயில் நிலையப் பெயர்ப்பலகையில், ரஷ்ய நகரப் பெயர்களைக் கிண்டல் செய்யும் விதமாக 'சில்கின்கிராட்' என்று எழுதிவைத்தனர். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்று, 1947இல் அரசுக்குச் சார்பாக முடிந்தது. பொது நன்மைக்காக வரும் திட்டத்திலும் தம் வீட்டை இழப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

வசதியும் தனிமையும்

நகரம் பல அயல்களாகப் பிரிக்கப்பட்டது. பெட்வெல், புரோட்வாட்டர், ஷெப்ஹோல், செல்ஸ் முதலிய ஒவ்வோர் அயலுக்கும் ஆரம்பப் பாடசாலை, சிறு கடைகள், சனசமூக நிலையம் என்பன நடைதூரத்தில் அமைந்தன. தொழிற்சாலைகள் ரெயில் பாதைக்கு மேற்கே ஒதுக்கப்பட்டன. இலண்டனில் பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவித்து வாழ்ந்தவர்களுக்கு, சொந்தக் குளியலறையும் சிறு தோட்டமும் உள்ள வீடு பெரும் பேறாக இருந்தது.

வாகனம் வராவிட்டால் வியாபாரம் நடக்குமா என்று ஐயப்பட்டவர்களும் இருந்தனர். ஆயினும் 1959இல் மகாராணி எலிசபெத் திறந்துவைத்த நகர மத்தி, நடப்பவர்களுக்கு மட்டுமானதாகவே அமைந்தது. பிரித்தானியாவில் இதற்கு அதுவே முன்னோடி. அங்கே பிள்ளையை முதுகில் சுமந்த ஒரு தாயின் சிலை இருக்கிறது. ஃபிரான்டா பெல்ஸ்கி என்ற சிற்பி செய்தது. படைத்தளபதிகளின் சிலைகளையே நகர மத்திகளில் பார்த்துப் பழகிய எனக்கு அது புதுமையாக இருந்தது.

ஆனால் வசதி எல்லாவற்றையும் தந்துவிடவில்லை. கணவன் வேலைக்குப் போனபின் கைக்குழந்தையோடு தனித்திருந்த இளம் தாய்மாரின் மனச்சோர்வுக்கு 'புதுநகரச் சோகம்' என்றே பெயர் வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் நான் படித்த, யங், வில்மொட் ஆகியோரின் 1957ஆம் ஆண்டு ஆய்வு இதை விளங்கவைக்கிறது. கிழக்கு இலண்டனில் மணமான மகள்மார் தாயின் வீட்டுக்கு நாளாந்தம் போய்வந்தனர். பிள்ளை பார்ப்பது, நோய்க்கு உதவுவது எல்லாம் அந்த உறவில்தான் நடந்தன. புறநகர்க் குடியிருப்புக்கு மாறியதும் அந்த வலை அறுந்தது. வரைபடத்தில் பாடசாலைக்கு இடம் இருந்தது. அம்மம்மாவுக்கு இடம் இருக்கவில்லை.

தலைமையில் ஒரு பெண்

இந்நகரைக் கட்டிய அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு 1949இலிருந்து 1951வரை தலைமை வகித்தவர் ஒரு பெண், மொனிக்கா ஃபெல்ட்டன். வாகனமற்ற நகர மத்திக்கான ஆரம்பத் திட்டம் உருவானது அவர் காலத்தில்தான். 1951இல் சர்வதேசப் பெண்கள் குழுவொன்றுடன் போர் நடந்த வடகொரியாவுக்குச் சென்று, அங்கு கண்ட அழிவுகளைப் பகிரங்கமாகச் சொன்னார். பாராளுமன்றக் குழுவொன்றின் கூட்டத்துக்குச் சமுகமளிக்கவில்லை என்ற காரணம் காட்டி அவரைப் பதவி நீக்கினர்.

பின்னர் அவர் சென்னைக்கு வந்து வாழ்ந்தார் என்று அறிந்தபோது வியந்துபோனேன். இராஜாஜியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சிறுவயதில் விதவையாகி, படித்துப் பட்டம் பெற்று, சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி அமைத்துக் கல்வி தந்த சகோதரி சுப்புலட்சுமியின் வரலாற்றை 1966இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவரும் அவரே.

இன்றைய ஸ்டீவனேஜ்

வேலைக்காக எவரும் இலண்டனுக்கு ஓடக்கூடாது என்பதே தொடக்க நோக்கம். ஊரில் வேலை பெற்றவர்களுக்கே வீடு கொடுத்தனர். 1973இல் நகர மத்திக்கு அருகே புதிய ரெயில் நிலையம் வந்தது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்ற வாழ்க்கை இங்கும் பரவியது. கூட்டுத்தாபனம் 1980இல் கலைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 89,500 பேர் வாழ்கின்றனர். லிஸ்டர் வைத்தியசாலை, ஃபெயார்லண்ட்ஸ் பள்ளத்தாக்குப் பூங்காவும் அதன் ஏரிகளும், கோர்டன் கிரெய்க் அரங்கு என வசதிகள் பல. சைக்கிள் பாதைகள் இருந்தும் பெரும்பாலோர் காரையே நாடுகின்றனர். வீதிக்குக் கீழான பாதையில் இருட்டியபின் தனியே போக அக்கா என்னை விடுவதில்லை.

வீட்டுத்திட்டங்களில் குடியேறிய பெண்களோடு வேலை செய்பவள் நான். வரைபடங்களில் கிணறும் கழிப்பறையும் வீதியும் குறித்திருப்பார்கள். ஸ்டீவனேஜைப் பார்த்து வந்தபின் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். பிள்ளையோடு நடக்கும் பெண்ணுக்கு இந்தப் பாதை இரவிலும் பயமற்றதா? அவளுடைய தாயோ சகோதரியோ எட்டிய தூரத்தில் இருக்கிறார்களா? பகல் முழுவதும் அந்த ஊரில் வாழப்போகிறவளைக் கேட்டுத்தான் இவற்றுக்கு விடை எழுத வேண்டும்.