கார்டைட்டின் ஆயுள்

குன்னூரிலிருந்து உதகைக்கு ரயிலில் ஏறிச் செல்வோர் வழியில் அருவங்காடு என்னும் சிறு நிலையத்தைக் கண்டிருப்பார்கள். 1903ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. தொடக்கக் காலத்தில் அதற்கு வேண்டிய மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீர்விசையிலிருந்து கிடைத்தது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது.

கார்டைட் என்பது யாது? பீரங்கிக் குண்டு இலக்கில் வீழ்ந்ததும் அதனுள்ளிருந்து வெடிக்கும் பொருள் ஒன்று. அக்குண்டைக் குழாயிலிருந்து உந்தித் தள்ளும் பொருள் மற்றொன்று. கார்டைட் இரண்டாவது வகை. 1889ஆம் ஆண்டில் ஆபெல், டியூவார் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை ஆக்கினர். (காப்பியின் சூடு ஆறாமல் நாம் வைத்துக்கொள்ளும் தெர்மாஸ் குடுவைக்கு மூலமானவரும் இந்த டியூவாரே.) வெடிபஞ்சு, நைட்ரோ கிளிசரின், சிறிதளவு வாஸலின் ஆகியவை கலந்து இழையாகப் பிழியப்பட்டது இப்பொருள். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இதன் பெயர் பிறந்தது. பார்வைக்குப் பழுப்பு நிறம். தொட்டால் கொம்பைப் போன்ற உறுதி.

இதன் இயல்பில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. திறந்த வெளியில் ஓர் இழையைக் கொளுத்தினால் அது வெடிப்பதில்லை. விரைந்து எரிந்து போகிறது. எரிவதும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக. ஆகவே மெல்லிய இழை சீக்கிரம் தீரும். பருத்த இழை நின்று எரியும். சிறு துப்பாக்கிக்கு மெல்லியதும் பெரும் பீரங்கிக்குப் பருத்ததும் செய்ததன் காரணம் இதுவே. பழைய கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சிப் புகையாய்ச் சூழும். கார்டைட்டோ ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடுகிறது.

ஆனால் கரிமருந்துக்குள்ள ஒரு நற்குணம் இதற்கில்லை. கரிமருந்தை ஈரம் படாமல் வைத்தால் தலைமுறைகள் கடந்தும் அப்படியே இருக்கும். கார்டைட் வைத்த இடத்திலேயே மெல்ல மெல்லச் சிதைகிறது. அதிலுள்ள வெடிபஞ்சிலிருந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வெளிப்படுகின்றன. அவை ஈரத்தோடு கூடி அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. சிதைவினால் சூடும், சூட்டினால் சிதைவும் பெருகி, இறுதியில் நெருப்பு வைப்பாரின்றியே தீப்பற்றிவிடும். பஞ்சின் இழைகளுக்குள் அமிலம் தங்கிவிடாதபடி அதனை அரைத்துக் கூழாக்கிக் கழுவவேண்டும் என்று கண்டவரும் ஆபெல்தான். அவ்வறிவு வருமுன்பே, 1847இல், இங்கிலாந்தில் பேவர்ஷாம் என்னும் ஊரில் வெடிபஞ்சுத் தொழிற்சாலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர்.

வெடிபஞ்சினால் ஆன பிரெஞ்சு மருந்தும் இவ்வாறே கெட்டது. 1907 மார்ச் 12 அன்று துலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற போர்க்கப்பல் வெடித்து 100க்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் 'லிபெர்த்தே' கப்பலும் அழிந்தது. பகைவர் ஒருவரும் அருகில் இல்லை. 1917 ஜூலை 9 இரவு, ஸ்காப்பா புளோவில் நங்கூரமிட்டிருந்த 'வான்கார்டு' என்ற பிரிட்டிஷ் கப்பல் வெடித்து 800க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் காரணம் ஐயமற நிறுவப்படவில்லையாயினும், கெட்டுப்போன கார்டைட்டின் மீதும் சந்தேகம் விழுந்தது.

இங்கே வாஸலினின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பீரங்கிக் குழாய் தேயாதிருக்க மசகாக உதவட்டும் என்றே அதனைச் சேர்த்தார்கள். அது செய்ததோ வேறு வேலை: வெளிப்படும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வாங்கிக்கொண்டு, சிதைவு பெருகாமல் தடுத்தது. பின்னர் இவ்வேலைக்கென்றே டைபீனைலமைன், கார்பமைட் முதலிய பொருள்களைத் தேர்ந்து சேர்த்தார்கள். எனினும், வாங்கிக்கொள்ளும் பொருள் சிறிது சிறிதாகச் செலவழிந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் மருந்தின் ஆயுளும் தீர்ந்தது.

அந்த ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் உஷ்ணமே. எங்கள் ஐயங்கார்குளத்துக்கு வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சித்திரை வெயிலில் ஏரிக்கரை மண் காலைச் சுடும். நடவாவிக் கிணற்றின் படிகளில் இறங்கிக் கீழுள்ள மண்டபத்தை அடைந்தால் உடல் குளிரும். மண்ணுக்கு அடியில் வெப்பம் அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை. வெடிமருந்துக் கிடங்குகளின் மேல் மண் மூடி வைப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று. அருவங்காட்டின் குளிர்ந்த மலைக்காற்று இவ்வகையில் பெரும் அனுகூலம். சமவெளிக் கிடங்கிலோ கோடைதோறும் மருந்து விரைவாக மூப்படைகிறது.

இம்மூப்பைக் கண்ணால் காண முடியாது; இழை பழையபடியே உறுதியாகத் தோன்றும். ஆகவே ஆபெல் ஒரு சோதனை வகுத்தார். சிறிதளவு மாதிரியைக் குழாயிலிட்டு வெந்நீரில் சூடாக்கி, மேலே அயோடைடும் கஞ்சியும் தோய்த்த காகிதத்தைத் தொங்கவிட்டு, அதில் நிறம் தோன்ற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கணக்கிடுவார்கள். நிறம் விரைவில் தோன்றினால் சரக்கு நம்பத்தக்கதன்று. இக்காலத்தில், எஞ்சியுள்ள பாதுகாப்புப் பொருளின் அளவையே கருவிகளால் நேராக அளக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் தயாரித்த ஆண்டும், சோதித்த நாளும், அடுத்த சோதனைக்குரிய நாளும் பதிவேட்டில் இருக்கும். நாள் கடந்த தொகுதி தோற்றத்தில் புதியதாகவே இருந்தாலும், கிடங்கில் காவல் நிற்பவன் உயிரை உத்தேசித்து அதனை அப்புறப்படுத்தி அழித்துவிடுகிறார்கள்.