பிறந்த அன்றே ஊசி எதற்கு?

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கீழாநெல்லிதான். "அரைச்சு மோரில கலந்து குடிச்சா தானா இறங்கிடும்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. அவர் பார்த்தது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலையாக இருக்கும். அது அநேகமாகத் தானாகவே குணமாகிவிடும். நல்ல பேர் மட்டும் கீழாநெல்லிக்கு!

ஆனால், ரத்தத்தின் மூலமும், உடலுறவினாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றுகிற 'ஹெபடைடிஸ் பி' வேறு ரகம். சிலரிடம் இது ஆயுள் முழுக்கக் கல்லீரலில் தங்கிவிடும். கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது. நோய் இருப்பதே பல வருஷங்கள் தெரியாது.

கல்லீரலைக் கெடுப்பது யார்?

"வைரஸ்தானே?" என்பீர்கள். அதுதான் இல்லை! இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பெருகுமே தவிர, செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. கொல்வது நம்முடைய சொந்தக் காவல்படை. ரத்த வெள்ளை அணுக்களில் 'டி' அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. வைரஸ் குடியேறிய செல்லை அடையாளம் கண்டு, வீட்டோடு சேர்த்துத் திருடனையும் அழிப்பது இவற்றின் வேலை.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்நோய் தொற்றினால் 100-இல் 95 பேருக்குச் சில மாதங்களில் இந்தப் படை ஜெயித்துவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நிலைமை தலைகீழ். 100-க்கு 90 பேரிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? சிசுவின் காவல்படை இன்னும் பழகாதது. எதிரியைப் பார்த்தும் சும்மா இருந்துவிடும். போதாததற்குக் கல்லீரல் இயல்பிலேயே பொறுமைசாலி. குடலிலிருந்து வரும் சத்தில் பெரும்பகுதி நேரே அங்கேதான் போகிறது. வருகிற ஒவ்வொரு புதுப் பொருளோடும் மல்லுக்கு நின்றால் குடித்தனம் நடக்குமா? அதனால் அங்கே காவலர்கள் எப்போதும் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

களைத்துப் போகும் படை

எதிரி வருஷக்கணக்கில் கண்ணெதிரே நின்றால் 'டி' அணுக்கள் களைத்துவிடுகின்றன. அவற்றின் மேல் 'பிடி-1' என்ற ஒரு பிரேக் அதிகமாக முளைத்து, வேகத்தைக் குறைக்கிறது. முழுசாக ஜெயிக்கவும் முடியாமல், முழுசாக விட்டுவிடவும் முடியாமல் அவ்வப்போது அரைகுறைச் சண்டை. ஒவ்வொரு சண்டைக்கும் கல்லீரலில் தழும்பு. நாளடைவில் அது கெட்டியாகிச் சுருங்கி 'சிரோஸிஸ்' ஆகலாம், புற்றுநோயும் வரலாம்.

இதற்கு மருந்து உண்டு. 'டெனோஃபோவிர்' போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். ஆனால் அடியோடு ஒழிப்பது அபூர்வம். கீழாநெல்லி? 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து, நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே கீழாநெல்லியை நம்பி டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம்.

வருமுன் காக்கலாம்

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறை மட்டுமே. திருடனின் சட்டையைக் காட்டி, "இதைப் போட்டவன் வந்தால் பிடி" என்று காவல்படைக்குச் சொல்லித் தருவது போல. வைரஸ் குடியேறி நிலைப்பதற்குள் சொல்லித்தர வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

● கர்ப்பமானதும் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கச் சொல்லுங்கள்.

● குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. "பச்சைக் குழந்தைக்கு ஊசியா? ஒரு மாசம் போகட்டுமே" என்று பாட்டி சொன்னால், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அடுத்தவை 6, 10, 14-ஆம் வாரங்களில்.

● தாய்க்கு நோய் இருந்தால், சிசுவுக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

● பிளேடு, டூத்பிரஷ், காது குத்தும் ஊசி இவற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. கணவரும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லாவிட்டால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

மருமகளுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ இது தொற்றாது. "எங்கேர்ந்து கொண்டு வந்தா?" என்ற கேள்வியும் வேண்டாம். அவள் பிறந்தபோதே அவளுடைய அம்மாவிடமிருந்து, அந்த அம்மாவுக்கும் தெரியாமல், வந்திருக்கலாம்.

தைவான் நாடு 1984-இலேயே சிசுக்களுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று தலைமுறை தலைமுறையாக வரும் இந்தச் சங்கிலியை உங்கள் வீட்டிலும் அறுத்துவிடலாம். பிரசவத்துக்குப் பெட்டி கட்டும்போதே, "முதல் நாள் ஊசி போடுவீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.