காரின் பின்கண்ணாடி உடைந்தால்



இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், காரின் பின்கண்ணாடி. "கண்ணாடி உடைந்தால் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுவதுதானே, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கண்ணாடி எப்படிச் செய்யப்படுகிறது, அது ஏன் தூள் தூளாக நொறுங்குகிறது, அது இல்லாமல் கார் ஓட்டுவதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பவற்றை அறிந்தவர்கள் பட்டறையில் ஏமாறமாட்டார்கள். வீட்டிலுள்ள குழந்தைகளையும் காத்துக்கொள்வார்கள்.

செந்தூல் நம்மவருக்கு நெடுநாள் பழக்கமான ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரயில்வே பணிமனை எழுந்தது. இரும்பை உருக்கவும், பெட்டிகளைப் பழுதுபார்க்கவும் தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கே வந்து குடியேறினர். இன்று அந்த வட்டாரத்துத் தெருக்களில் நடந்தால் கண்ணில் படுபவை கார்களே. அவற்றுள் இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்த ஒன்று புரோட்டோன் சத்ரியா. மலாய் மொழியில் சத்ரியா என்றால் வீரன். நாம் சத்திரியன் என்கிறோமே, அதே சொல்தான். 1990களின் நடுவில் வெளிவந்த இந்தக் கார் இரண்டு பக்கக் கதவுகளும், மேலே தூக்கித் திறக்கும் ஒரு பின்கதவும் கொண்டது. பின்னர் 2005இல் பெரோடுவா மைவி வந்தது. 2006இல் சத்ரியா நியோ வந்தது. இவை எல்லாவற்றிலும் பின்கண்ணாடி அந்தத் தூக்குக் கதவிலேயே பொருந்தியிருக்கிறது. கதவை ஒவ்வொரு முறை அறைந்து மூடும்போதும் அந்த அதிர்ச்சியைக் கண்ணாடியும் தாங்கவேண்டியிருக்கிறது.

காரின் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. கல் பட்டால் அது விரிசல் விடும், ஆனால் சிதறாது. பின்கண்ணாடி பெரும்பாலும் ஒரே தகடு. அதை உறுதியேற்றிய கண்ணாடி என்று சொல்லலாம்.

உறுதியேற்றுவது எப்படி? கண்ணாடித் தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, வேண்டிய வளைவுக்குக் கொண்டுவந்து, இரு பக்கமும் குளிர்ந்த காற்றை வேகமாக ஊதுகிறார்கள். வெளிப்புறம் உடனே இறுகிவிடுகிறது. உட்புறம் பின்னால் மெல்லக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஆனால் வெளிப்புறம் விட்டுக்கொடுப்பதில்லை. இதனால் வெளிப்பரப்பு நெருக்கப்பட்ட நிலையிலும், உட்பகுதி இழுக்கப்பட்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் சம பலம் என்றால் கயிறு அசையாது. பார்ப்பவருக்கு அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். கயிற்றை நடுவில் அறுத்துவிட்டால் இரு பக்கத்தாரும் மல்லாந்து விழுவார்கள். பின்கண்ணாடியும் அப்படித்தான். சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமை அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சமநிலை ஓரிடத்தில் கெட்டால் முழுத் தகடும் கண நேரத்தில் சிறு சிறு துண்டுகளாகிவிடும். நீண்ட கூரிய கத்திபோன்ற துண்டுகள் உண்டாவதில்லை என்பதே இதன் நன்மை.

இந்த விந்தையை மனிதர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால், தலை பருத்தும் வால் நீண்டும் ஒரு துளி கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் இதை வியந்து ஆராய்ந்தனர். அந்தத் துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியைக் கிள்ளினால் முழுத் துளியும் பொடியாகிவிடும். நம் காரின் பின்கண்ணாடிக்குள் அடங்கியிருப்பதும் இதே இரகசியந்தான்.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய ஓர் உண்மை கிடைக்கிறது. உறுதியேற்றிய கண்ணாடியை வெட்டமுடியாது, துளையிடமுடியாது, ஒட்டுப்போடவும் முடியாது. வைப்பர் செல்லும் துளை இருந்தால், அது சூளைக்குள் போவதற்கு முன்பே இடப்பட்டிருக்கவேண்டும். ஆகவே பின்கண்ணாடி உடைந்தால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அது எதனால் உடைகிறது? சாலையோரம் புல்வெட்டும் இயந்திரம் தெறிக்கவிடும் சிறு கல் போதும். குழாயோ மேசைக்காலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது பின்கதவை அடித்து மூடினால் உடையும். விளிம்பில் முன்பே பட்ட காயம் பல நாள் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் நடுவெயிலில் தன் வேலையைக் காட்டும். "யாரும் தொடவில்லை, தானாக வெடித்தது" என்று பலர் சொல்வதற்கு இத்தகைய பழைய காயம் காரணமாக இருப்பதுண்டு.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். கண்ணாடி உடைந்ததும் பலர் என்ன செய்கிறார்கள்? ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, "சம்பளம் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, தோட்டத்திற்கும் பட்டணத்திற்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இது ஆபத்தான செயல். பின்புறம் செங்குத்தாக முடியும் கார் ஓடும்போது, அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து காற்று சுழல்கிறது. புகைக்குழாயிலிருந்து வரும் புகை அந்தச் சுழலில் சிக்கித் திறந்த இடத்தின் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் பொருளோடு, அது உயிர்க்காற்றைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி. பின்னிருக்கையில் குழந்தை தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது தூக்கமா மயக்கமா என்பதை யார் அறிவார்?

ஆகவே கண்ணாடி இல்லாத காரில் பின்னிருக்கையில் யாரையும் ஏற்றவேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால், தாளை நான்கு பக்கமும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி விசையைத் திருப்பி, காற்றாடியை வேகமாக வைத்து, அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் ஓட்டுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் விசை வேண்டாம்.

அடுத்தது துப்புரவு. கையுறையும் கண்காப்பும் அணிந்துகொண்டுதான் தொடவேண்டும். கண்ணில் படும் துண்டுகளை அள்ளிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பின்கதவின் உட்பலகையைக் கழற்றினால், பூட்டுக்குள்ளும் வைப்பர் மோட்டாரைச் சுற்றியும் கைப்பிடியளவு துண்டுகள் கிடக்கும். மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளம், இருக்கையின் மடிப்பு, இருக்கை வாரின் பூட்டு ஆகியவற்றையும் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யவேண்டும். வாரின் பூட்டுக்குள் ஒரு துண்டு சிக்கிவிட்டால், அது பூட்டியதுபோல் தோன்றி, வேண்டிய நேரத்தில் விட்டுவிடலாம்.

இனிப் புதுக் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்போம். புதியதும் கிடைக்கும், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' கார்களிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். எதுவானாலும் நான்கைச் சரிபாருங்கள். வளைவும் அளவும் ஒன்றா? வைப்பர் துளை ஒரே இடத்தில் உள்ளதா? சூடேற்றும் கோடுகளும் அவற்றின் மின் இணைப்பும் பொருந்துகின்றனவா? மூலையில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா? பழைய கண்ணாடி என்றால் விளிம்பை விரலால் அல்ல, விளக்கொளியில் கண்ணால் பாருங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் வாங்கவேண்டாம்.

பொருத்தும் முறை இரண்டு. பழைய கார்கள் பலவற்றில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வார் இருக்கும். அந்த ரப்பரின் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்துவார். உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உட்காரும். பொறுமையுள்ள இருவர் சேர்ந்தால் அழகாக முடியும் வேலை இது.

புதிய கார்களில் ரப்பருக்குப் பதிலாக யூரித்தேன் என்ற பசை. பழைய பசையை அடியோடு சுரண்டிவிடக்கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் விட்டு, மேற்பகுதியை மட்டும் சீவி எடுக்கவேண்டும். புதுப் பசைக்கு அதுவே நல்ல அடித்தளம். கத்தி பட்டுத் தகட்டில் கீறல் விழுந்தாலோ, துரு தென்பட்டாலோ, துருவை நீக்கிப் பிரைமர் பூசவேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறதே, அது வெறும் அழகுக்காக அல்ல. பசையை வெயிலிலிருந்து காப்பது அது. அந்தப் பட்டையைத் துடைத்து, அதற்குரிய பிரைமரைப் பூசிக் காயவிட்டு, பிறகுதான் பசையை முக்கோண வடிவில் இடைவிடாமல் இடவேண்டும். பசையின் மேல்தோல் காய்வதற்குள் கண்ணாடியை உறிஞ்சு கைப்பிடியால் தூக்கி நேராக வைத்து, நாடா ஒட்டி நிறுத்தவேண்டும்.

சிலர் செலவைக் குறைக்க, வன்பொருள் கடையில் விற்கும் சிலிக்கோனைப் பூசிவிடுவார்கள். காடி வாடை வீசும் வகைச் சிலிக்கோன் காயும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. அது தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். கண்ணாடியைத் தாங்கிநிற்கும் பலமும் அதற்கு இல்லை. முதல் மழைக்கு ஒழுகாமல் இருக்கலாம். சில ஆண்டுகளில் கதவின் ஓரமே அரித்துப்போகும்.

பசை இட்டபின் வேண்டியது பொறுமை. யூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது. நம் நாட்டின் ஈரக்காற்று அதற்கு உதவியே. ஆனாலும் எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று பசைக் குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் ஒரு சன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை அறைந்தால், உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளப் பார்க்கும்.

பட்டறையை விட்டுப் புறப்படுமுன் சூடேற்றும் கோடுகளையும், வைப்பரையும், மேலுள்ள பிரேக் விளக்கையும் இயக்கிப் பாருங்கள். அந்த மெல்லிய கோடுகள் வெள்ளி கலந்த பசையால் அச்சிட்டுச் சுடப்பட்டவை. மின்சாரம் பாயும்போது சூடாகிக் கண்ணாடியில் படிந்த பனியைப் போக்கும். மழைநாளில் நமக்கும் அவை மிகத் தேவை. பழைய கறுப்புத் தாளை உரிக்கும்போது கத்தியால் சுரண்டினால் கோடுகள் அறுந்துவிடும். கறுப்புத் தாளைப் பற்றிய சட்டம் 2019 மே மாதத்தில் மாறியது. பின்கண்ணாடிக்கு ஒளி அளவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. முன்கண்ணாடிக்கு நூற்றுக்கு 70, முன்பக்கச் சன்னல்களுக்கு நூற்றுக்கு 50 ஒளியேனும் ஊடுருவவேண்டும் என்பது விதி. சட்டம் இடம் கொடுத்தாலும், இரவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் தெரியவேண்டாமா என்பதை நாம்தான் சிந்திக்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். காப்புறுதி எடுக்கும்போது கண்ணாடிக்கென்று தனிச் சேர்க்கை உண்டு. வழக்கமாக, கண்ணாடிக்குக் குறிக்கும் தொகையில் நூற்றுக்கு 15 அதன் கட்டணம். 1,000 வெள்ளிக்கு 150 வெள்ளி. 'விண்ட்ஸ்கிரீன்' என்ற பெயரால் முன்கண்ணாடிக்கு மட்டும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் பொதுவாக அதில் அடங்கும். உங்கள் பத்திரத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தச் சேர்க்கையின்வழி இழப்பீடு பெற்றால், என்.சி.டி. எனப்படும் கட்டணக் கழிவு குறையாது. சேர்க்கை இல்லாமல் பொதுக் காப்புறுதியில் கோரினால், ஐந்தாண்டு சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவும் கைநழுவிப் போகும். ஒருமுறை கோரியபின் சேர்க்கையை மறுபடி எடுக்கவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நேயர்களே, தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லும் நமக்கு இன்னொரு நினைவும் வருகிறது. கையில் திறமையுள்ள மாணவர் பலர் பட்டறையில் எடுபிடியாகவே நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி ஏன் நொறுங்குகிறது, பசை எதனால் இறுகுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பையன், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழும் பெற்றுவிட்டால், நாளை அவனே பட்டறை நடத்தலாம். உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்தால், இந்த உரையை அவனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.