தூளியும் பச்சைக் குழந்தையின் தூக்கமும்



நமது பிரசவ வார்டுக்குப் பல ஆண்டுகளாக உதவி வரும் மயிலாப்பூர் சகோதரி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "ஐயா, தியாகராய நகரில் ஸ்பிரிங் தொட்டில் விற்கிறார்கள். ஏழைத் தாய்மாருக்கு ஆளுக்கொன்று வாங்கித் தரட்டுமா?" நல்ல மனதோடு கேட்ட கேள்வி. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தை மருத்துவரிடம் விசாரித்து அறிந்ததை உங்கள் யாவருக்கும் எழுதுகிறேன்.

தூளியை அறியாதவர் நம்மில் இல்லை. அம்மாவின் பழைய நூல் சேலையை உத்தரத்தில் கட்டினால் போதும். அடையாறு பக்கம் கட்டட வேலை நடக்குமிடத்தில் மரக்கிளையில் தூளி தொங்குவதை இன்றும் காணலாம். ஈரத் தரை, எறும்பு, எலி, எரியும் அடுப்பு ஆகியவற்றிலிருந்து எத்தனையோ பிள்ளைகளை அது காத்திருக்கிறது. ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துவதும் உண்மையே. தாயின் நடையில் ஒன்பது மாதம் ஆடி வளர்ந்த பிள்ளை அல்லவா?

ஆனால் தூளித் துணி வளைந்து தொங்குகிறது. ஆபத்து அந்த வளைவில் இருக்கிறது. பச்சைக் குழந்தையின் தலை பாரமானது, கழுத்துக்கோ இன்னும் பலம் வரவில்லை. துணிக்குள் முதுகு வளையும்போது தாடை நெஞ்சில் படிகிறது. மென்மையான மூச்சுக்குழல் நெருக்கப்படுகிறது. தலையை நிமிர்த்த அதற்குத் தெரியாது. மூச்சு முட்டினால் அழவும் முடியாது. சத்தம் இல்லாததால், பிள்ளை அயர்ந்து தூங்குகிறது என்று வீட்டார் எண்ணிக்கொள்வார்கள்.

இது நம் தூளிக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்று விற்ற சாய்வுப் படுக்கை ஒன்று 30-க்கும் மேற்பட்ட மரணங்களோடு தொடர்புபடுத்தப்பட்டு, 2019 ஏப்ரலில் ஏறக்குறைய 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை 2022-ல் அங்கே சட்டமே தடை செய்தது. அதற்கு முன்பே, 1991-ல் இங்கிலாந்திலும் 1994-ல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் தொடங்கியது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதன்பின் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

மருத்துவர் தாய்மாருக்குச் சொல்லும் யோசனைகள் இவை:

1. குழந்தை தூங்குவது சமமான, கெட்டியான இடத்தில், மல்லாக்க. இரவும் பகலும் இதுவே முறை.

2. தலையணை வேண்டாம், தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். சென்னை வெயிலில் கனத்த துணி சுற்ற வேண்டாம்.

3. தூளியில் தூங்கிவிட்டால் எடுத்துக் கீழே கிடத்துங்கள். ஆள் இல்லாத அறையில் தூளியில் விடாதீர்கள். மூத்த பிள்ளைகளைத் தூளியில் விளையாட விடாதீர்கள். சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கிய துயரங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

4. எடுத்தால் விழித்துக்கொள்கிறதா? 2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட வழி இது: குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடங்கள். தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு கிடத்துங்கள்.

5. இரவில் விழிப்பதைக் குறித்துப் பயப்பட வேண்டாம். பிறந்த குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனாலும் வயிறு சிறியதால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பாலுக்கு விழிக்கும். இரவு பகல் வித்தியாசம் பழக மூன்று மாதம் போல் ஆகும்.

இதை எழுதும்போது என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. என் மகள் தன் கைக்குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தியபோது, "உன்னை நாங்கள் தூளியில் போட்டு வளர்க்கவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். அவள் பதில் பேசாமல் பிள்ளையின் அருகே உட்கார்ந்திருந்தாள். அறிவு அவளிடம் இருந்தது. வயது மட்டுமே என்னிடம் இருந்தது.

ஆயினும் ஏழைத் தாயை நாம் கடிந்துகொள்ளக் கூடாது. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தாய், "கீழே போட்டா எலி வருதுங்க ஐயா, எங்கே போடுவேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல், தூளி வேண்டாம் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்புவது இரக்கமல்ல.

ஆகவே அந்தச் சகோதரிக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "அம்மா, ஸ்பிரிங் தொட்டில் வேண்டாம். அந்தப் பணத்தில், காலுள்ள ஒரு சிறு மரக்கட்டில், தொய்யாத கெட்டி மெத்தை, நன்றாக மூடும் கொசுவலை வாங்கித் தாருங்கள். கட்டிலின் நாலு பக்கமும் நெருக்கமான கம்பித் தடுப்பு இருக்கட்டும்." முதல் கட்டில் நொச்சிக்குப்பத்துக்குப் போயிற்று. பழைய சேலையை அந்தத் தாய் எறிந்துவிடவில்லை. துவைத்து மடித்து, இழுத்துக் கட்டி மெத்தைக்கு விரிப்பாக்கியிருக்கிறாள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைப் போதகர்